ஒரு கையாவது மிஞ்சட்டும்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாள் காலை, கிணற்றடியில் வைத்து அவள் என்னிடம் கேட்டாள்: "ஒம் புருசனுக்கு நாளைக்கே ஒண்ணு ஆகிப்போச்சுன்னு வையி. அப்புறம் என்ன செய்வே?"

என் கழுத்தில் தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட மங்கவில்லை. வாளியைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே உள்ளே ஓடினேன். என் மாமியார் விஷயத்தைக் கேட்டு, "அது கருநாக்கு. காதுல போட்டுக்கிடாதே தாயி" என்றார். ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதான். அன்று பகலெல்லாம், அவருக்கு ஒன்று ஆனால் எங்கே போவேன், யார் சோறு போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அதற்கு முன்னால் நான் அப்படி எதையும் யோசித்ததே கிடையாது.

அவள் என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. சிவகாசியிலிருந்து திருத்தங்கல் போகிற பாதையில் எங்கள் வீடு. ஊரைத் தாண்டிக் கரிசல் காட்டில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி. அண்ணன் வைத்ததுதான் அங்கே சட்டம். வீட்டிலும் வேலைத்தலத்திலும் அவரைப் 'பெரியவர்' என்றுதான் சொல்வார்கள். ஐம்பதுகளின் நடுவில் நான் அந்த வீட்டுக்குள் வந்தபோது அவளுக்கு முப்பது வயது இருக்கலாம். பிள்ளை இல்லை. எலும்பும் தோலுமாக, நெடுநெடுவென்று இருப்பாள். சிரித்தால் அழகாக இருப்பாள் என்பார்கள். நான் அதிகம் பார்த்ததில்லை.

யார் எதைச் சொன்னாலும் 'அப்புறம்?' என்று கேட்காமல் அவளால் இருக்க முடியாது. கதை கேட்கிற பிள்ளை கேட்கிற அப்புறம் இல்லை இது. கத்தி வைக்கிற மாதிரி இருக்கும்.

என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை சொல்ல விருதுநகரிலிருந்து தரகர் ஒருவர் வந்திருந்தார். "சொந்த வீடு, ஒரே பையன். பிக்கல் பிடுங்கல் கிடையாது" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற இவள், "மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துக்கிடலைன்னா தனியாப் போக வேற வீடும் இல்ல, சமாதானம் பேச வேற பிள்ளையும் இல்ல. அப்புறம்?" என்று கேட்டாள். தரகர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனவர்தான். பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. மாமியார் மூன்று நாள் இவளோடு பேசவில்லை. இவளும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கம்பெனியில் வெடிமருந்து கலக்கப் புதிதாக ஒரு ஷெட் போட்டார்கள். பூசைக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி முடித்ததும் அவள் சுற்றிவந்து பார்த்தாள். வேலையாட்கள் நிற்கும்போதே பெரியவரிடம், "ஒரே வாசலா வச்சிருக்கீக. வாசல் பக்கம் பத்திக்கிருச்சுன்னா உள்ள இருக்கிறவன் எந்த வழியா வருவான்?" என்றாள். "நல்ல நாள்ல பேசுற பேச்சா இது? வாயை மூடு" என்றார் அவர். கொத்தனார்கூட, இன்னொரு வாசல் திறக்கிறது ஒரு நாள் வேலைதான் என்றார். பெண்டாட்டி சொல்லித் திறந்த வாசல் என்று பேர் வந்துவிடுமே என்பதற்காகவே அவர் திறக்கவில்லை.

அடுத்த கோடையில் அந்த ஷெட் தீப்பற்றியது. உள்ளே இருந்தவன் வாசலைத் தாண்டி வரவில்லை. அவன் எம். புதுப்பட்டிக்காரன்; என் ஓரகத்தி பிறந்த ஊரும் அதுதான். அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். செத்தவன் பெண்டாட்டி மண்ணில் புரண்டு அழுதுகொண்டிருந்தாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, "பிள்ளைகளை வச்சுக்கிட்டு அப்புறம் என்ன பண்ணப்போறே?" என்று கேட்டாள். பிணம்கூட இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. அந்தப் பெண் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி இவள் முகத்தில் எறிந்தாள். ஊர்க்காரப் பெண்கள் எங்களைப் பிடித்துத் தெருவில் தள்ளினார்கள். வழியெல்லாம் நான் அழுதேன். இவள் கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்குக் கேக்கலைன்னா நாளைக்கு அவ மாமனார் கேப்பாரு. அவரு கேட்டா அவ பதில் சொல்ல முடியாது" என்றாள். காரியம் முடிந்த பிறகு மறுபடியும் போனாள். திருத்தங்கல் பிரஸ் ஒன்றில் அந்தப் பெண்ணுக்கு லேபிள் வெட்டி அடுக்குகிற வேலை வாங்கிக் கொடுத்தது இவள்தான். ஆனாலும் அந்தப் பெண் கடைசிவரை இவள் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

இத்தனை பேருக்கும் வரப்போவதைக் கேட்டவளுக்குத் தன் உடம்பில் வந்தது மட்டும் தெரியாமல்தான் வந்தது.

வயதுக்கு வந்த கொஞ்ச நாளில் கக்கத்தில் ஒரு கட்டி வந்ததாம். எல்லோருக்கும் வருகிற சூட்டுக் கட்டி என்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டார்கள். உடைந்தது, ஆறியது. பக்கத்திலேயே இன்னொன்று வந்தது. நான் பார்த்தபோது இரண்டு கக்கமும் உழுத நிலம் மாதிரி கிடந்தன. மேலே ஆறின தழும்பு. தழும்புக்கு அடியில் ஒரு கட்டிக்கும் இன்னொரு கட்டிக்கும் நடுவே புரையோடியிருந்தது. ஒன்றை அமுக்கினால் இன்னொன்றின் வாய் வழியாகச் சீழ் வரும். அந்த நாற்றத்தை எழுத முடியாது. பகலில் எல்லோரும் தூங்குகிற நேரத்தில் கிணற்றடியில் துணிகளைக் கொதிக்கவைத்து அலசுவாள். ஒரு நாள் நான் போய்ப் பக்கத்தில் நின்று தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். "வாந்தி வருதா?" என்று கேட்டாள். "இல்லைக்கா" என்றேன். "வரும். வந்தா அங்கன போய் எடுத்துட்டு வா" என்றாள்.

மாமியார் அவளுக்குத் தனித் தட்டு வைத்திருந்தார். பின்கட்டில், அடுப்புக்கான எரிமுட்டை அடுக்கிய அறையில் படுக்கை. ஊரில் கட்டி கீறுகிற நாவிதர் ஒருவர் இருந்தார். வலி பொறுக்க முடியாமல் போகும்போது அவரைக் கூப்பிடுவார்கள். கட்டிலில் கிடத்தி நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வோம். அவள் கத்தமாட்டாள். அவர் கத்தியைத் துடைக்கும்போது, "இது எப்ப திரும்ப வரும்?" என்று மட்டும் கேட்பாள். "இனிமே வராது தாயி" என்பார் அவர், ஒவ்வொரு தடவையும்.

ஒரு பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் மாமியார், மூத்த மருமகள் முளைப்பாரி எடுத்தால் நோய் தீரும் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

"அம்புட்டுத் தூரம் கையைத் தூக்கிக்கிட்டு வந்தா கட்டி உடைஞ்சிரும் அத்தை. தெருவுல வச்சு உடைஞ்சா அப்புறம்?" என்றாள்.

"ஆத்தா பாத்துக்கிடுவா. நீ தூக்கு."

தலையில் முளைப்பாரி, இரண்டு கையும் மேலே. கடைத்தெரு முக்குத் திரும்பும்போது கட்டி உடைந்தது. ரவிக்கையின் வலது பக்கம் நனைந்து இடுப்புவரை மஞ்சளாக இறங்கியது. பின்னால் வந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். முன்னால் போனவர்கள் வேகமாக நடந்தார்கள். வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் இடம் காலியாகிவிட்டது. குலவைச் சத்தம்கூட நின்றுபோனது. மேளக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் கையை இறக்கவில்லை. கோயில் வரைக்கும் அப்படியே தனியாக நடந்து போய் முளைப்பாரியை இறக்கி வைத்தாள்.

அதற்குப் பிறகு அந்த நோய் எங்கள் வீட்டுச் சங்கதியாக இல்லாமல் ஊர்ச் சங்கதியாகிவிட்டது. மாமியார் பெரியவரிடம், அவள் காதில் விழும்படியே சொன்னார்: "தீவாளிக்குள்ள இவளைக் கூட்டிட்டுப் போயி வெட்டித் தீத்துக் கொண்டா. இல்லைன்னா ஏழாயிரம்பண்ணையில எந் தம்பி மக இருக்கா. நான் பேசி முடிச்சிருவேன்."

அவளே அன்று சொன்னாள்: "வெட்டிக்கிடுறேன். ஆனா என்ன செய்வாகன்னு கேட்டுட்டுத்தான் கத்திக்குக் குடுப்பேன்."

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. பெரியவரும் அவளும், துணைக்கு நானும் போனோம். டாக்டர் நாற்பது வயதுக்காரர், பொறுமையானவர். சோதித்துப் பார்த்துவிட்டுப் பெரியவரை மட்டும் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்த பெரியவர், "சின்ன வேலைதானாம். பத்து நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்" என்றார்.

"சின்ன வேலைக்கா அம்புட்டு நேரம் பேசுனீக?"

சாயங்காலம் டாக்டர் வந்தபோது அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அய்யா, அவுககிட்ட சொன்னதை எங்கிட்ட சொல்லுங்க."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட எல்லாம் விவரமாச் சொல்லியிருக்கேம்மா. நீங்க பயப்படாம இருங்க."

"உடம்பு என்னுதுங்கய்யா. கத்தி எம்மேல விழப்போகுது. அவுகளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

டாக்டர் பெரியவரைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கட்டியை மட்டும் கீறினா திரும்பத் திரும்ப வரும்மா. நோய் அந்தத் தோல்லயே இருக்கு. அதனால அந்த இடத்துத் தோல் முழுசையும் ஆழமா எடுக்கணும். தொடையிலேருந்து தோல் எடுத்து அங்கே ஒட்டணும்" என்றார்.

"ஒட்டுறது ஒட்டலைன்னா?"

"அழுகிரும். திரும்ப எடுக்கணும். ஆற மாசக்கணக்காகும்."

"ஒட்டிக்கிருச்சு. அப்புறம்?"

"ஆறும்போது சுருங்கும். சுருங்கினா கையைக் கீழே இழுத்துப் பிடிச்சுக்கும். ஆறுறப்பவே தினமும் கையைத் தூக்கித் தூக்கிப் பழக்கணும். அப்படியும் சில பேருக்குத் தோளுக்கு மேலே கை போகாது. நரம்புல பட்டா விரல் மரத்துப்போகலாம்."

"இம்புட்டும் செஞ்சபிறகு நோவு போயிருமா?"

"அந்த இடத்துல பெரும்பாலும் போயிரும். தொடை இடுக்குல, வேற இடத்துல வராதுன்னு நான் சொல்லமாட்டேன்."

"வெட்டாம விட்டா?"

"புரை இன்னும் உள்ளே ஓடும். இப்படியே ரொம்ப வருஷம் கிடந்தா வேற கெட்ட புண்ணா மாறவும் மாறலாம்."

வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டு கைகளையும் மெதுவாக, வலிக்க வலிக்க, தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். பிறகு இறக்கினாள்.

"அப்ப ஒண்ணு செய்யுங்கய்யா. இடது பக்கத்தை மட்டும் வெட்டுங்க. அது ஆறி, கை எம்புட்டுத் தூரம் போகுதுன்னு பார்ப்போம். அதுக்குப் பிறகு வலதைப் பத்திப் பேசுவோம். எல்லாம் கெட்டுப்போனாலும் ஒரு கையாவது மிஞ்சட்டும்."

"இது நல்ல யோசனைதான். அப்படியே செய்யலாம்" என்றார் டாக்டர். அவர் அவளைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. பெரியவர் முகம் கறுத்துப்போயிருந்தது.

மறுநாள் காலை அவளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டு போனார்கள். நான் வார்டில் அவளுடைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் ஆபரேஷன் அறை வாசலுக்குப் போனதும், அங்கே டாக்டரிடம் பேசியதும் பிறகுதான் எனக்குத் தெரியும்.

அவள் கண் விழித்தபோது இரண்டு கைகளும் பக்கத்துக்கு ஒரு தலையணை மேல் விரித்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டு பக்கமும் கட்டு. மயக்க மருந்தின் குமட்டலில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டேன். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் திரும்பினாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்தக் கையில ஏன் கட்டு?"

டாக்டர் வந்தபோது அவரிடமும் அதையே கேட்டாள். அவர் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கதானே சொன்னீங்க? ராத்திரி உங்ககூடப் பேசி ரெண்டுக்கும் சம்மதிச்சிட்டாங்கன்னு?"

பெரியவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு தடவை எதுக்கு அலையணும்? சீசன் நேரம். ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. இன்னொரு தடவை வந்து யாரு காவல் கெடக்கிறது? ஒரே வேதனையா முடிஞ்சிரட்டும்னுதான்."

டாக்டர் வலது பக்கக் கட்டை ஒருமுறை சரிபார்த்துவிட்டு வெளியே போனார். அந்தக் காலத்தில் புருஷன் சொன்னால் பெண்டாட்டி சொன்ன மாதிரி. அவர் நம்பியதில் வியப்பில்லை. அவள் அழவில்லை. தலையை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். உடம்பைத் திருப்ப முடியவில்லை.

இடது பக்கம் ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது. வலது பக்கம் அழுகிவிட்டது. கட்டுப் பிரிக்கும்போது ஒட்டிய தோல் பாலாடை மாதிரி துணியோடு வந்தது. காய்ச்சலும் பென்சிலின் ஊசியுமாக நாட்கள் போயின. மறுபடியும் தொடையில் தோல் எடுத்தார்கள். கையைத் தூக்கிப் பழக்க வேண்டும் என்றார்கள். ஒரு பக்கம் தூக்கினால் இரண்டு பக்கமும் உயிர் போயிற்று. பெரியவர் தீபாவளி லோடு அனுப்பப் போய்விட்டார். கார்த்திகை கழிந்து அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது இரண்டு கையும் விலாவோடு ஒட்டிப்போயிருந்தன. முழங்கை மடங்கும். குனிந்தால் சோறு வாய்க்குப் போகும். தோளுக்கு மேலே எதுவும் கிடையாது. கொடியில் துணி போட முடியாது. தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது. தலைமுடியைத் தொட முடியாது.

ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு இடத்திலும் பிறகு கட்டி வரவேயில்லை. சீழ் நின்றது, நாற்றம் போனது. டாக்டர் பொய் சொல்லியிருக்கவில்லை.

அப்படியும் மாமியார் தன் தம்பி மகளைக் கொண்டு வந்தார். இப்போது காரணம், 'கையாலாகாதவளை வச்சுக்கிட்டு எம் மகன் என்ன செய்வான்?' இரண்டாம் தாரம் கூடாதென்று சட்டம் வந்துவிட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கோயிலில் மாலை மாற்றி அழைத்து வந்தார்கள். விளக்கோடு உள்ளே நுழைந்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. இவள் நிலைப்படியில் சாய்ந்து நின்று, "ஒனக்கு ஒரு நோவு வந்தா இவுக என்ன செய்வாகன்னு கேட்டுக்கிட்டியா தாயி?" என்றாள். அந்தப் பெண் கையில் விளக்கு ஆடியது.

புதுப்பட்டியிலிருந்து அவள் அண்ணன்மார் வந்தார்கள். கூட்டிப் போகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. "இங்கனயே இருந்துக்க. வெளிய போனா அசிங்கம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள்.

தினமும் நான்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். அடுத்த தீபாவளி சீசன் வந்தது. முதல் லோடு கிளம்புகிற காலை. பூசைக்காக வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த லாரிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பெரியவர் வெள்ளை வேட்டியில் சூடத்தட்டோடு நின்றார். அப்போது அவள் நேராக வந்து, லாரிக்கு எதிரே வாசற்படியில், வாராமல் விரிந்து கிடந்த தலையோடு உட்கார்ந்தாள்.

மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார். "அடியே, லோடு கெளம்புற நேரத்துல தலைவிரிகோலமா உக்காருறியே! எந்திரிடி!"

"வாரிவிட ஆளில்ல அத்தை."

நான் சீப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். தலையை விலக்கிக்கொண்டாள். "நீ தள்ளு. நீயா வெட்டச் சொன்னே?" புதுப்பெண் பயந்து பயந்து வந்தாள். அவளையும் தொடவிடவில்லை. பிறகு பெரியவரைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு கையாவது வேணும்னு கேட்டேன். ரெண்டையும் எடுக்கச் சொன்னது நீங்க. அப்ப நீங்கதான் வாரிவிடணும்."

டிரைவர், லோடுமேன்கள், எதிர்வீட்டுக்காரர்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் அடிக்கக் கை ஓங்கினார். அவள் அசையவில்லை. "அடிங்க. அடிச்சிட்டு வாருங்க" என்றாள். தட்டில் சூடம் எரிந்து அணைந்தது. தலைவிரித்த பெண்ணைத் தாண்டி லாரியை எடுக்கமாட்டேன் என்று டிரைவர் சொல்லிவிட்டான்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். என் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கினார். பெண்டாட்டி பின்னால் குந்தி உட்கார்ந்தார். அவருக்கு வாரத் தெரியவில்லை. மேலிருந்து இழுத்தார், முடி அறுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அடியிலேருந்து வாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும். காலையில் அவர் கம்பெனிக்குப் புறப்படுமுன் அவள் வாசற்படியில் வந்து உட்காருவாள். அவர் வராவிட்டால் அப்படியே உட்கார்ந்திருப்பாள், தெரு கூடும். வடக்கேயிருந்து ஆர்டர் கொடுக்க வந்த வியாபாரிகள் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதும் அவர் வெளியே வந்து எண்ணெய் தேய்த்து, வாரி, கொண்டை போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போவார். அவருடைய வசவுக்கு நடுங்குகிற வேலையாட்கள் அந்த நேரத்தில் எங்கள் தெருவுக்குள் வரமாட்டார்கள்.

இரண்டு வருஷத்தில் தொடை இடுக்கில் கட்டி வந்தது. அவர்தான் மதுரைக்குப் போகலாமா என்று கேட்டார். என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். அதே டாக்டர். எல்லாவற்றையும் கேட்டாள், எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொன்னார். கடைசியில், "வேண்டாங்கய்யா. நடக்கிற காலு மிச்சம் இருக்கு. இதோட இருந்துக்கிடுறேன்" என்று எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு மறுபடியும் பின்கட்டு, கொதிக்கிற துணி.

ஒரு தடவை பொறுக்காமல் நான் சொன்னேன்: "அவுக பாவம்க்கா. வயசாகுது. விட்டுருங்களேன்."

"நான் அவுக கையை எடுக்கலையே" என்றாள். "அவுக கை அவுககிட்டதான இருக்கு?"

மாமியார் போன பிறகு, அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள். பெரியவர் தலை முழுக்க நரைத்திருந்தது. இரண்டாவதாக வந்த சின்னவளுக்கு மூன்று பிள்ளைகள். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் தலையிலும் முன்பக்கம் நரை. அவர் இப்போது நன்றாக வாருவார். அடியிலிருந்து, சிறிது சிறிதாக, இழுக்காமல். சீப்பு நடுவில் நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்னைக்கு ஒன்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார். "எம்மேல தப்பு."

தெருவில் மாட்டுவண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது முக்கைத் திரும்பி மறைந்தது.

"பிடரியில சிக்கு கெடக்கு. பார்த்து எடுங்க" என்றாள்.

அவர் குனிந்து சிக்கெடுக்கத் தொடங்கினார்.